கைப்பேசியில் ரிமோட் டெஸ்க்டாப்: விரலுக்கு இணங்க மறுக்கும் திரையை இணங்க வைப்பது எப்படி?

அலுவலகத்திலோ கடையிலோ இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு கணினியின் திரையை வேறோர் இடத்திலிருந்து பார்த்து, அதன் எதிரே அமர்ந்திருப்பவரைப் போலவே அதை இயக்க உதவும் மென்பொருளை ரிமோட் டெஸ்க்டாப் என்கிறோம். அடிப்படையில் அங்கே இரண்டு செயல்களே நடக்கின்றன. தொலைவிலுள்ள கணினி தன் திரையின் படத்தை நமக்கு அனுப்புகிறது. நாம் இங்கே செய்யும் மவுஸ் அசைவுகளையும் விசை அழுத்தங்களையும் நம் கையிலுள்ள கருவி அந்தக் கணினிக்கு அனுப்புகிறது. கணக்கு மென்பொருளும் எக்செல் கோப்பும் உலாவியும் அங்கேயே இயங்குகின்றன. நம்மிடம் வந்து சேர்வது அவற்றின் படம் மட்டும்தான்.

இந்த ஏற்பாடு கைப்பேசிக்காக உருவாக்கப்பட்டதன்று. இப்படிப் படத்தையும் அசைவுகளையும் இரு கணினிகள் பரிமாறிக்கொள்வதற்கான மைக்ரோசாஃப்டின் ஆர்.டி.பி. என்னும் நெறிமுறை 1998-இல் விண்டோஸ் என்.டி. 4.0 டெர்மினல் சர்வர் பதிப்போடு வந்தது. கேம்பிரிட்ஜிலிருந்த ஒலிவெட்டி-ஆரக்கிள் ஆய்வகத்தில் பிறந்த, இதே வேலையைச் செய்யும் வி.என்.சி.யும் அதே காலத்தைச் சேர்ந்தது. இரண்டுமே, இந்தப் பக்கம் இருப்பவரிடமும் ஒரு கணினி, ஒரு மவுஸ், முழு விசைப்பலகை ஆகியவை உண்டு என்று எடுத்துக்கொண்டன. ஆகவே கணினிக்குப் போகும் செய்திகளும் அந்த அளவில்தான் அமைந்தன: அம்புக்குறி இந்த இடத்தில் உள்ளது, இடது பொத்தான் அழுத்தப்பட்டது, விடப்பட்டது, சக்கரம் உருண்டது, இந்த விசை அழுத்தப்பட்டது. விரல் என்ற ஒன்றுக்கு அதில் இடமே இல்லை. மைக்ரோசாஃப்ட் தன் செயலியை ஆண்ட்ராய்டுக்கும் ஐபோனுக்கும் 2013-இல் வெளியிட்டது. கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப் 2014-இல் ஆண்ட்ராய்டுக்கும் 2015-இல் ஐபோனுக்கும் வந்தது. தொடுகையை அப்படியே அனுப்பும் வழியும் ஆர்.டி.பி.யில் சேர்க்கப்பட்டுவிட்டது. ஆனால் மறுமுனையில் இயங்கும் பெரும்பாலான மென்பொருள்கள் இன்றும் மவுஸையே எதிர்பார்க்கின்றன.

எனவே கைப்பேசியிலுள்ள ரிமோட் டெஸ்க்டாப் செயலியின் உண்மையான வேலை படம் காட்டுவதன்று. விரல் செய்வதை மவுஸும் விசைப்பலகையும் செய்ததாக மாற்றிச் சொல்வதே அதன் வேலை. செயலி பயன்படுத்த எளிதாக இருக்கிறதா என்பதை அந்த மாற்றம் எவ்வளவு பிழையின்றி நடக்கிறது என்பதே தீர்மானிக்கிறது. அதில் பாதியைச் செயலியை உருவாக்குபவர்தான் செய்ய முடியும். மறுபாதியைப் பயன்படுத்துபவரே அமைப்புகளை மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம்.

எவ்வளவு சிறியது?

சிக்கலின் அளவை ஒரு கணக்கால் புரிந்துகொள்ளலாம். 6.5 அங்குலத் திரையுள்ள ஒரு கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்தால் திரை ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமும் 6.8 சென்டிமீட்டர் உயரமும் இருக்கும். 1920-க்கு 1080 பிக்சல் கொண்ட வழக்கமான கணினித் திரையை அதற்குள் முழுமையாகப் பொருத்தினால், படம் 12 சென்டிமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடும். அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் 16 பிக்சல்கள். விண்டோஸின் உருள்பட்டை 17 பிக்சல் அகலம் கொண்டது. கைப்பேசியில் அது ஒரு மில்லிமீட்டர். எக்செல் தாளில் ஒரு வரிசையின் இயல்பான உயரம் 20 பிக்சல். அது ஒன்றேகால் மில்லிமீட்டர். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தாலோ அந்த வரிசை முக்கால் மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடுகிறது.

விரலால் தொடவேண்டிய எதுவும் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அளவு இருக்கவேண்டும் என்பது ஆண்ட்ராய்டுக்கான கூகுளின் வடிவமைப்பு வழிகாட்டுதல். ஆப்பிளின் வழிகாட்டுதலும் இதை ஒட்டியதே. அப்படியானால் ஒரு விரல் நுனிக்கு ஒதுக்கவேண்டிய இடத்தில் எக்செல்லின் ஏழு வரிசைகள் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. மூன்றாம் வரிசையைத் தொட்டு ஐந்தாம் வரிசை தேர்வானால் அது பயன்படுத்துபவரின் கவனக்குறைவன்று. அது மட்டுமல்லாமல், தொடும் நேரத்தில் விரலே இலக்கை மறைத்துவிடுவதால், தொடப்போவது எதை என்பதும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

நேரடித் தொடுகையா, டச்பேட் முறையா?

பெரும்பாலான செயலிகள் இரண்டு முறைகளைத் தருகின்றன. முதலாவது நேரடித் தொடுகை: திரையில் எந்த இடத்தைத் தொடுகிறோமோ அந்த இடத்தில் கிளிக் நிகழும். இரண்டாவது டச்பேட் முறை: கைப்பேசித் திரை முழுவதும் மடிக்கணினியின் டச்பேட் ஆகிவிடும்; விரலை எங்கே வைத்து நகர்த்தினாலும் படத்திலுள்ள அம்புக்குறி அதே திசையில் நகரும்; தட்டினால், விரல் இருக்கும் இடத்தில் அல்லாமல் அம்புக்குறி நிற்கும் இடத்தில் கிளிக் விழும்.

புதியவர்கள் பெரும்பாலும் நேரடித் தொடுகையையே விரும்புகிறார்கள். கைப்பேசியின் மற்றச் செயலிகள் அனைத்தும் அப்படித்தான் இயங்குகின்றன என்பதால் அது இயல்பும்கூட. ஆயினும் கணினி மென்பொருள்களை இயக்குவதற்கு டச்பேட் முறையே சிறந்தது என்பது என் கருத்து. அந்த முறையில் விரல் இலக்கை மறைப்பதில்லை. விரலை மெதுவாக நகர்த்தினால் அம்புக்குறி ஓரிரு பிக்சல் மட்டும் நகரும், வேகமாக இழுத்தால் திரையின் மறுகோடிக்குத் தாவும் என்று செயலி அமைக்கப்பட்டிருந்தால், ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள உருள்பட்டையைக்கூடத் தவறாமல் பிடிக்க முடிகிறது. மேலும், கிளிக் செய்யாமல் அம்புக்குறியை ஒரு பொருளின்மேல் நிறுத்திவைப்பது என்ற செயல் தொடுதிரையில் கிடையாது. விரல் பட்டால் அது தொடுகைதான். அம்புக்குறி மேலே வந்ததும் விரியும் பட்டியல்கள், பொத்தானின் பயனைச் சொல்லும் சிறு குறிப்புகள் போன்றவை நேரடித் தொடுகையில் எட்டாக்கனியாகிவிடுகின்றன. டச்பேட் முறையில் அவை தாமாகவே கிடைக்கின்றன.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. அம்புக்குறி எங்கே நிற்கிறது என்பதை முதலில் கண்டுபிடிக்கவேண்டும். விண்டோஸின் இயல்பான அம்புக்குறி கைப்பேசித் திரையில் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இராது. வெள்ளைத் தாளின்மேல் வெள்ளை அம்பு காணாமலே போய்விடும். தொலைவிலுள்ள கணினியின் அணுகல்தன்மை அமைப்புகளில் அம்புக்குறியின் அளவைப் பெரிதாக்கி, அதற்கு அடர்ந்த நிறம் ஒன்றைத் தரும் வசதி இருக்கிறது. ஒரு நிமிட வேலை. ஆனால் இதைப்போலப் பயன்தரும் வேறொரு மாற்றம் இல்லை என்றே சொல்லலாம்.

படங்களைப் பார்ப்பது, இணையப் பக்கத்தைப் படிப்பது, பெரிய பொத்தான்களைத் தட்டுவது போன்றவற்றுக்கு நேரடித் தொடுகை விரைவானது. ஆகவே இரண்டு முறைகளுக்கும் இடையே ஒரே தட்டலில் மாறிக்கொள்ளும் பொத்தான் திரையிலேயே இருக்கவேண்டும். அது நான்கு படிகள் தாண்டிய அமைப்புப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் செயலிகளில், இப்படி இரண்டு முறைகள் இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை.

விரல் சைகைகளைப் பொறுத்தவரை செயலிகளுக்குள் முழு ஒற்றுமை இல்லை. ஒரு விரலால் தட்டினால் இடது கிளிக், இரு விரல்களால் தட்டினால் வலது கிளிக், இரு விரல்களால் கிள்ளினால் உருவளவு மாற்றம் என்பவை டச்பேட் முறையில் ஓரளவு பொதுவானவை. இழுத்துச் செல்லும் செயலில்தான் குழப்பம் வருகிறது. குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பில் அழுத்திப் பிடித்துவிட்டு நகர்த்தவேண்டும். மைக்ரோசாஃப்ட் செயலி மவுஸ் முறை என்று அழைக்கும் டச்பேட் முறையிலோ இருமுறை தட்டி, இரண்டாம் தட்டலில் விரலை எடுக்காமல் நகர்த்தவேண்டும். ஒரு செயலியிலிருந்து மற்றொன்றுக்கு மாறுபவர் கோப்பை நகர்த்த நினைத்துப் பட்டியலைத் திறந்துவிடுவது இதனால்தான். பிடி விழுந்துவிட்டது என்பதை ஒரு சிறு அதிர்வாலோ அம்புக்குறியின் நிறமாற்றத்தாலோ செயலி உணர்த்தினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விசைப்பலகை

என்னைக் கேட்டால், இத்தகைய செயலிகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். வழக்கமான கைப்பேசிச் செயலியில் எழுதும் பெட்டியைத் தொட்டதும் விசைப்பலகை தானாக எழுகிறது, பெட்டியும் அதற்கு மேலே நகர்ந்துகொள்கிறது. பெட்டி எங்கே இருக்கிறது என்பதை இயங்குதளம் அறிந்திருப்பதே காரணம். ரிமோட் டெஸ்க்டாப்பில் கைப்பேசி பெரும்பாலும் ஒரு படத்தை மட்டுமே காண்கிறது. அந்தப் படத்தில் எது எழுதும் பெட்டி, எது வெறும் ஓவியம் என்பது அதற்குத் தெரியாது. எனவே விசைப்பலகையை நாமேதான் வரவழைக்கவேண்டும். வந்ததும் அது கிடைமட்டத் திரையின் பாதிக்குமேல் மறைத்துவிடும். நாம் எழுதுமிடம் அதன் அடியில் சிக்கிக்கொள்ளும். நல்ல செயலி, அம்புக்குறி கடைசியாகக் கிளிக் செய்த இடமே எழுதுமிடமாக இருக்கலாம் என்று ஊகித்து, அந்தப் பகுதி கண்ணில் படும்படி படத்தை மேலே தள்ளும். எழுத்து வேலை அதிகமிருந்தால் கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து, மேற்பாதியில் தேவையான பகுதியை மட்டும் பெரிதாக்கி வைத்துக்கொள்வது பயனளிக்கும்.

கைப்பேசி விசைப்பலகையில் இல்லாத விசைகள் அடுத்த சிக்கல். எஸ்கேப், டேப், கன்ட்ரோல், ஆல்ட், திசை விசைகள், எஃப் வரிசை விசைகள் எவையும் அதில் கிடையா. நம் ஊர்க் கடைகளிலும் தணிக்கையாளர் அலுவலகங்களிலும் மிகுதியாகப் புழங்கும் டேலி என்ற கணக்கு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அது விசைகளாலேயே இயங்குவதற்கென்று அமைந்த மென்பொருள்: விற்பனைப் பதிவுக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9, செலுத்திய தொகைக்கு எஃப்5, பெற்ற தொகைக்கு எஃப்6, பதிவை ஏற்பதற்குக் கன்ட்ரோலும் ஏ-யும் சேர்த்து. இவற்றைக் கைப்பேசியில் அழுத்த வழியில்லை என்றால், வீட்டிலிருந்தபடியே கடைக்கணக்கைப் பார்க்கலாம் என்ற வசதி பாதியாகக் குறைந்துவிடுகிறது. அதனால் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போது, விசைப்பலகைக்கு மேலே கூடுதல் விசைகளின் வரிசை ஒன்று வருகிறதா என்று முதலில் பாருங்கள். கன்ட்ரோலையும் ஆல்ட்டையும் ஒருமுறை தட்டினால் அடுத்த விசை அழுத்தப்படும்வரை அவை அழுந்திய நிலையிலேயே இருக்கவேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு விசைகளைப் பிடிக்கக் கைப்பேசியில் விரல்கள் போதா. இந்த வரிசை கைக்குப் பழகிவிட்டால் டேலி போன்ற மென்பொருள்கள் கைப்பேசியில் எக்செல்லைவிட எளிதாகவே இயங்கும் என்பது பலர் எதிர்பாராத ஒன்று. குறிபார்த்துத் தட்டவேண்டிய தேவையே அங்கே குறைவு.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு தொல்லை காத்திருக்கிறது. ஆங்கில எழுத்துகளால் ஒலிக்கேற்பத் தமிழை எழுதும் ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் அம்மா என்று எழுதும்போது கைப்பேசி முதலில் அகரத்தையும், பிறகு அதனோடு ஒரு மெய்யையும், பிறகு அந்த மெய்யை மாற்றிய உயிர்மெய்யையும் காட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் முந்தையதை அழித்துத் திருத்திக்கொண்டே செல்கிறது. ரிமோட் டெஸ்க்டாப் செயலி ஒவ்வொரு கட்டத்தையும் உடனுக்குடன் அனுப்புவதாக இருந்தால், திருத்தம் நேரும் ஒவ்வொரு முறையும் பேக்ஸ்பேஸ் அழுத்தங்களையும் அனுப்பவேண்டும். மா என்ற எழுத்து யூனிகோடில் மகரமும் துணைக்காலும் சேர்ந்த இரண்டு குறியீடுகள். சில மென்பொருள்கள் ஒரு பேக்ஸ்பேஸுக்குத் துணைக்காலை மட்டும் அழிக்கின்றன. வேறு சில முழு எழுத்தையும் அழிக்கின்றன. இரு முனைகளின் எண்ணிக்கையும் ஒத்துப்போகாத இடத்தில் எழுத்துகள் சிதறுகின்றன, அல்லது இரட்டிக்கின்றன.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கைப்பேசியில் ஆங்கில விசைப்பலகையை வைத்துக்கொண்டு, தமிழ் விசைப்பலகையைத் தொலைவிலுள்ள கணினியில் இயக்குவது. விண்டோஸில் தமிழுக்கென்றே விசைகளை அடுக்கிய தமிழ்99, ஒலிபெயர்ப்பு முறையான அஞ்சல் ஆகிய இரண்டும் உள்ளன; கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளே தெரியும் என்பதால், தமிழ்99 விரல்களுக்கு மனப்பாடம் ஆகாதவர்களுக்கு அஞ்சல் முறையே வசதியானது. ஆனால் செயலி எழுத்தை அனுப்பாமல் விசை அழுத்தத்தை அனுப்பினால்தான் இது வேலைசெய்யும். எழுத்தாகவே அனுப்பினால், அங்கே தமிழ் விசைப்பலகை இருந்தும் ஆங்கில எழுத்தே விழும். விசை அழுத்தத்தையே அனுப்பும் ஸ்கேன்கோடு என்ற பெயரில் அமைப்புகளில் ஒரு தெரிவு இருந்தால் அதை இயக்கிப் பாருங்கள். மற்றொரு வழி, கைப்பேசியின் குறிப்புச் செயலியில் முழுவதையும் எழுதி, நகலெடுத்து, அங்கே ஒட்டுவது. ஒரு பத்திக்கு மேல் எழுதவேண்டியிருந்தால் இதுவே பாதுகாப்பானது; தானியங்கித் திருத்தத்தின் குறும்புகளும் இதில் அங்கே சென்று சேர்வதில்லை. நகலெடுத்தல் செயலிக்கும் கணினிக்கும் இடையே அனுமதிக்கப்பட்டிருக்கவேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவேண்டும்.

படத்தைப் பெரிதாக்குவதைவிட அங்கேயே பெரிதாக்குவது மேல்

கிள்ளிப் பெரிதாக்கும்போது எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் திரையின் ஒரு மூலை மட்டுமே கண்முன் இருக்கிறது. மீதியைப் பார்க்க நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். இதற்கு மாற்றாக, தொலைவிலுள்ள கணினியே எழுத்துகளையும் பொத்தான்களையும் பெரிதாக வரையும்படி செய்யலாம்.

இங்கே இரண்டு வகைச் செயலிகளைப் பிரித்தறிவது அவசியம். வி.என்.சி., குரோம் ரிமோட் டெஸ்க்டாப் போன்றவை பொதுவாக அங்கே திரையில் உள்ளதை அப்படியே பிரதிபலிக்கின்றன. ஆர்.டி.பி.யோ நமக்கென்று தனியாக ஓர் அமர்வை, அதாவது நமக்கான தனித் திரையை, உருவாக்கி, அதன் பிக்சல் அளவையும் உருப்பெருக்கத்தையும் கைப்பேசியே கேட்டுப் பெறும்படி விடுகிறது. மைக்ரோசாஃப்ட் செயலியில் இணைப்புக்குரிய காட்சி அமைப்பில் 1280-க்கு 720 பிக்சலையும் 150 சதவீத உருப்பெருக்கத்தையும் தேர்ந்தெடுத்தால், முன்பு ஒன்றேகால் மில்லிமீட்டராக இருந்த எக்செல் வரிசை ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் ஆகிவிடும். விரலுக்கு இன்னும் சிறியதுதான். டச்பேட் முறையோடு சேரும்போது தாராளமாகப் போதும். ஆசைப்பட்டு 200 சதவீதத்துக்குப் போகவேண்டாம். உரையாடல் பெட்டிகளின் கீழ்ப்பகுதி திரைக்கு வெளியே போய், சரி என்ற பொத்தானைக் காண முடியாமல் தவிக்க நேரும். அப்படி மாட்டிக்கொண்டால் என்டர் விசை பெரும்பாலும் அந்தப் பொத்தானின் வேலையைச் செய்யும், எஸ்கேப் பெட்டியை மூடிவிடும்.

பிரதிபலிக்கும் வகையில் இதே மாற்றத்தைக் கணினியின் காட்சி அமைப்பிலேயே செய்யவேண்டும். அதன் எதிரே வேறொருவர் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தால் அவருக்கும் எல்லாம் பெரிதாகத் தெரியும். விண்டோஸின் ஹோம் பதிப்பு ஆர்.டி.பி. வழியாகப் பிறரை உள்ளே விடாது என்பதால், வீட்டுக் கணினி வைத்திருப்போருக்குப் பெரும்பாலும் பிரதிபலிக்கும் இந்த வகையே வாய்க்கிறது.

தாமதம்

1920-க்கு 1080 பிக்சல் கொண்ட திரையின் ஒரு படம் சுருக்கப்படாத நிலையில் ஏறத்தாழ 62 லட்சம் பைட்டுகள். நொடிக்கு 30 முறை அதை அனுப்புவது வழக்கமான கைப்பேசி இணைப்புக்கு இயலாது. எனவே மாறிய பகுதிகளை மட்டும், அவற்றையும் சுருக்கி அனுப்புகிறார்கள். சாளரங்கள் மிதந்து விரியும் அசைவூட்டங்களும் ஒளி ஊடுருவும் பட்டைகளும் தேவையின்றிப் பல பகுதிகளை மாற்றிக்கொண்டே இருக்கும். அவற்றை விண்டோஸ் அமைப்புகளில் நிறுத்திவிட்டால் படம் விரைவாக வரும்.

நம் செயலுக்கான பதில் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வந்துவிட்டால் அதை உடனடி என்றே உணர்கிறோம். சென்னையிலிருந்து நியூயார்க்கிலுள்ள கணினிக்குச் செய்தி போய்த் திரும்ப, கண்ணாடி இழையில் ஒளி செல்லும் வேகத்தில்கூட அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். இதனால்தான் நல்ல செயலிகள் அம்புக்குறியை அங்கிருந்து வரும் படத்தின் பகுதியாகக் காட்டாமல் கைப்பேசியிலேயே வரைகின்றன. விரல் நகர்ந்ததும் அம்பும் நகர்கிறது, படம் பின்னால் வந்து சேர்கிறது. கிளிக்குக்கு அப்படிச் செய்ய இயலாது. பதில் வரவில்லையே என்று மறுபடி தட்டினால் இரண்டும் போய்ச் சேர்ந்து இரட்டைக் கிளிக் ஆகிவிடும். தட்டியது பதிவாயிற்று என்பதற்கு அடையாளமாகச் செயலி ஒரு சிறு வளையத்தையாவது உடனே காட்டவேண்டும்.

இடையூறுகள்

கைப்பேசி ஒரே வேலையில் நிலைத்திருக்கும் கருவியன்று. வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லைப் பார்க்கக் குறுஞ்செய்திக்குச் சென்று திரும்புவதற்குள், பின்னணியில் போன செயலியை இயங்குதளம் உறங்க வைத்திருக்கும், இணைப்பு அறுந்திருக்கும். ஆர்.டி.பி.யில் இணைப்பு அறுந்தாலும் அங்கே திறந்திருந்தவை வழக்கமாக அப்படியே இருக்கும். திரும்பி வந்ததும் செயலி எதையும் கேட்காமல் மீண்டும் இணைத்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொரு முறையும் முகவரியும் கடவுச்சொல்லும் கேட்கும் செயலியைவிட, அவற்றைச் சேமித்துவைத்து விரல்ரேகையால் திறக்கும் செயலி மேலானது. இந்த எளிமைக்காக வீட்டு ரவுட்டரில் 3389 என்னும் ஆர்.டி.பி. வாயிலை இணையத்துக்கு நேராகத் திறந்துவைப்பது மட்டும் கூடாது; வி.பி.என். எனப்படும் பூட்டிய தனிவழியாகச் செல்வதே முறை.

திரையின் விளிம்புகள் இன்னொரு சச்சரவு. ஆண்ட்ராய்டில் ஓரத்திலிருந்து இழுத்தால் பின்செல்லும். ஐபோனில் கீழிருந்து இழுத்தால் முகப்புக்குப் போகும். விண்டோஸின் பணிப்பட்டையோ அதே கீழ்விளிம்பில் அமர்ந்திருக்கிறது. டச்பேட் முறையில் விரலை நடுத்திரையிலேயே வைத்துக்கொண்டு அம்பை மட்டும் விளிம்புக்கு அனுப்பலாம் என்பதால், இந்தச் சச்சரவும் அங்கே எழுவதில்லை.

நீண்ட நேரம் வேலை செய்பவர்கள் ஒரு புளூடூத் விசைப்பலகையும் மவுஸும் வைத்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு நெடுநாளாகவே இவற்றை ஏற்கிறது. ஐபேட் 2020 மார்ச்சில் வந்த 13.4 பதிப்பிலிருந்து மவுஸை முழுமையாக ஏற்கிறது. திரையை மறைக்கும் விசைப்பலகை போய்விடும், எஃப் விசைகள் கைக்கு வந்துவிடும், தமிழ்99 பழகியவர்களும் தங்கள் விருப்பம்போல் எழுதலாம். கைப்பேசியின் அம்பும் கணினியின் அம்புமாகத் திரையில் இரண்டு அம்புகள் தோன்றினால், ஒன்றை மறைக்கும் தெரிவு செயலியின் அமைப்புகளில் உண்டா என்று பாருங்கள்.